தண்ணீர் முதலில், மீன் கடைசியில்

அன்புள்ள மகளுக்கு,

சனிக்கிழமை கடல் மீன் தொட்டி வந்து இறங்குகிறது, ஞாயிற்றுக்கிழமையே ஒரு ஜோடி கோமாளி மீன் வாங்கிவிடலாம் என்று எழுதியிருந்தாய். தொட்டி வரட்டும். மீனை மட்டும் ஆறு வாரம் தள்ளிப்போடு, கண்ணு. புதுத் தொட்டியில் விட்ட மீன் தன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவிலேயே வெந்துபோகும். அதைத் தின்று தீர்க்கிற பாக்டீரியா உருவாவதற்கு நாள் பிடிக்கும். அந்த நாட்களில் நீ செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

100 லிட்டர் எடுத்தது சரியான முடிவு. சின்னத் தொட்டி சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மை நேர்மாறு. தண்ணீர் குறைந்தால் உப்பும் வெப்பமும் ஒரே நாளில் ஏறி இறங்கும். ஆனால் 100 லிட்டர் கடல்நீர் மட்டுமே 102 கிலோவுக்கு மேல் இருக்கும். கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் 140 கிலோவைத் தொடும். அந்தக் கனத்தைத் தாங்கும் ஸ்டாண்டில் வை. தண்ணீர் ஊற்றும் முன் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ரசமட்டம் வைத்துப் பார். சாய்வாக நின்றால் கண்ணாடி ஒட்டிய இடத்தில் அழுத்தம் கூடும். ஜன்னல் வெயில் படுகிற இடம் வேண்டாம்.

பிளக் போடும் ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கி, பிறகு மேலே ஏற வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. அந்த லைனில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவைக் கண்டதும் தானே அணைக்கும் சுவிட்ச், கட்டாயம் இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். கையை உள்ளே விடும் முன் எல்லா சுவிட்சையும் அணைத்துவிடு.

இப்போது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரமைன், பாஸ்பேட், நைட்ரேட், சிலிகேட் இருக்கலாம், சில சமயம் செம்பும் இருக்கும். குளோரமைன் மீனுக்கே விஷம், அடுத்த மூன்றும் உனக்குத் தலைவலி, செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் எமன். குடிநீர் ஆர்ஓ மெஷினும் போதாது, அதில் பல வகை ருசிக்காகத் தாதுவைத் திரும்பக் கலந்து விடுகிறது. ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்சத் தாதுவையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் கட்டமும் உள்ள அமைப்பு வேண்டும். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். 2, 3 என்று ஏற ஆரம்பித்தால் ரெசினை மாற்று.

உப்பு என்றால் கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்புதான், சமையல் உப்பு அல்ல. ஒரு லிட்டருக்குச் சுமார் 35 முதல் 38 கிராம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் ஆரம்பித்து, அளந்து பார்த்துச் சரிசெய். கலக்கும் வரிசை முக்கியம். புது வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பம்ப், பம்ப் ஓடும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவு. உப்பைக் கொட்டிவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் கால்சியமும் கார்பனேட்டும் அளவுக்கு மீறிச் செறிந்து, வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். அது திரும்பக் கரையாது, அந்தக் கலவை போனதுதான். 25 டிகிரியில் ஒரு நாள் ஓடவிட்டு அப்புறம் பயன்படுத்து. முதல் முறை உயிர் எதுவும் இல்லாததால் தொட்டிக்குள்ளேயே கலக்கலாம். அதற்குப் பிறகு ஒருபோதும் கூடாது.

உப்பளவை அளப்பதற்கு, ஒளி வளைவதை வைத்துக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கு. மிதவைக் கருவியின் முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே கணக்கு தப்பும். கண்ணாடியின் மேல் இரண்டு சொட்டு விட்டு மூடி, குமிழி இல்லையா என்று பார்த்து, அரை நிமிடம் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பிடி. நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு 35 பிபிடியில் (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு), அதாவது ஒப்படர்த்தி 1.026இல் நிற்க வேண்டும். கருவியை 35 பிபிடி திரவத்தை வைத்துச் சரிபார். வெறும் ஆர்ஓ தண்ணீரில் 0 காட்டுவதால் மட்டும் 35இலும் சரியாகக் காட்டும் என்று நம்ப முடியாது. வேலை முடிந்ததும் ஆர்ஓ தண்ணீரில் கழுவித் துடைத்து வை.

கல் சுமார் 10 கிலோ போதும். தொட்டியின் உண்மையான ஃபில்டர் அந்தக் கல்தான். அதன் நுண்துளைகளில்தான் பாக்டீரியா குடியேறுகிறது. உயிர்க்கல்லும் (கடலிலிருந்து உயிர்களோடு எடுத்த கல்) காற்றோட்டமும் மட்டும் வைத்துக் கடல் தொட்டியை நடத்த முடியும் என்று ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இலேயே எழுதிக் காட்டினார். இன்றைய பவளத் தொட்டிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. உனக்கு நான் சொல்வது உலர்கல். பூச்சியோ வேண்டாத விருந்தாளியோ வராது, பாக்டீரியா குடியேறிப் பழுக்கக் கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். கல்லை நேரே கண்ணாடி மேல் நிறுத்திவிட்டு, பிறகு சுற்றிலும் 3 செ.மீ. அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல் போடு. மணலின் மேல் கல்லை வைத்தால், கோபி மீன் அடியில் தோண்டும்போது மொத்த அடுக்கும் சரியும். பின் கண்ணாடியில் சாத்தி வைக்காமல், எல்லாப் பக்கமும் தண்ணீர் ஓட இடைவெளி விடு.

ஹீட்டர் 100 வாட் ஒன்று வாங்குவதற்குப் பதில் 50 வாட்டில் இரண்டு வாங்கு. ஹீட்டர் கெடும்போது பெரும்பாலும் அணையாமல் மாட்டிக்கொள்ளும். ஒன்று மாட்டினாலும் தொட்டி முழுவதும் கொதித்துப் போகாது. இலக்கு 25, 26 டிகிரி. வெயில் காலத்தில் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வீசினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். மணிக்கு 1000 முதல் 2000 லிட்டர் தள்ளும் பவர்ஹெட் பம்ப் ஒன்றை மேற்பரப்பு நெளியும்படி திருப்பி வை. ஆக்சிஜன் அந்த நெளிவில்தான் உள்ளே போகிறது. கரண்ட் போனால் மீன் மூச்சுத் திணறுவது அதனால்தான். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். நுரையாக அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் நல்ல கருவிதான், ஆனால் மூன்று நான்கு சின்ன மீன் உள்ள தொட்டிக்கு வாராவாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுவதே போதும். முதல் வருடத்துக்கு அந்தப் பணத்தை நல்ல டெஸ்ட் கிட்டில் போடு. அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட், அல்கலினிட்டி (காரத்தன்மை) நான்குக்கும் திரவக் கிட் வாங்கு. பட்டைக் காகிதம் வேண்டாம்.

இனி அந்தக் காத்திருப்பு. அம்மோனியம் குளோரைடு திரவத்தை அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும் அளவுக்கு விடு, பாட்டில் பாக்டீரியாவையும் ஊற்று. இறால் துண்டை உள்ளே அழுக விடும் பழைய வழியில் அளவே தெரியாது. விளக்கை அணைத்தே வை, எரியவிட்டால் பாசிக்குத்தான் விருந்து. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளந்து தேதியோடு எழுதி வை. அம்மோனியா நைட்ரைட்டாகும், நைட்ரைட் நைட்ரேட்டாகும். நன்னீரில் நைட்ரைட் விஷம், கடல்நீரிலோ குளோரைடு நிறைய இருப்பதால் மீனுக்கு அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் நைட்ரைட் மிச்சம் இருக்கும்வரை நைட்ரேட் கிட் பொய்யாக அதிகம் காட்டும், அதைப் பார்த்துப் பதறாதே. 2 பிபிஎம் அம்மோனியா விட்டால் 24 மணி நேரத்தில் அது பூஜ்யமாக வேண்டும். அந்த நாள் வந்தால் தொட்டி தயார். மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம். பிறகு பெரிய அளவில் தண்ணீர் மாற்றி நைட்ரேட்டை இறக்கு.

விளக்கு எரிய ஆரம்பித்ததும் மணலிலும் கல்லிலும் பழுப்புத் தூசி மாதிரி படியும். அது டயட்டம் என்கிற நுண்பாசி. சிலிகேட் தீர்ந்ததும் தானே போய்விடும். அதற்குப் பின்னால் பச்சை முடிப்பாசி வரும். பல பேர் இந்த இடத்தில்தான் பயந்து மருந்து மருந்தாக ஊற்றித் தொட்டியைக் கெடுக்கிறார்கள். கையால் பிடுங்கி எடு, பாசி தின்னும் ட்ரோகஸ் நத்தை நாலு விடு, விளக்கை எட்டு மணி நேரத்துக்குள் வை. நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுத்தமாகப் பூஜ்யமாக்கப் பார்க்காதே. இரண்டும் இல்லாத தண்ணீரில் டைனோ என்கிற, குமிழி கோத்த பழுப்புச் சளி படரும், அதை விரட்டுவது பாசியை விரட்டுவதை விடப் பல மடங்கு கஷ்டம். நைட்ரேட் 5 முதல் 15, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். இதற்குள் இருந்தால் விட்டுவிடு.

தினமும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதை மறக்காதே. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். தண்ணீர் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டி வை, குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்ஓ டிஐ தண்ணீர் ஊற்று. 100 லிட்டரில் 5 லிட்டர் வற்றினால் 35 பிபிடி 36.8 ஆகிவிடும். அதை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் ஏறியது ஏறியபடியே நிற்கும், வாரா வாரம் இன்னும் ஏறும். வெளியூர் போவதாக இருந்தால் தானே நிரப்பும் ஆட்டோ டாப் ஆஃப் வைத்துக்கொள். எண் சரியாக 35ஆக இல்லாமல் 34ஆக இருந்தால்கூடப் பரவாயில்லை, தினம் தினம் மாறாமல் இருப்பதுதான் உயிர்களுக்குத் தேவை.

மீன் வாங்கும்போது நேரே தொட்டியில் விடாதே. 40 லிட்டர் வெற்றுத் தொட்டி, ஏற்கெனவே பழுத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிவிசி குழாய், அதில் குறைந்தது நாலு வாரம் வைத்துப் பார். வெள்ளைப் புள்ளி நோயும் வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோயும் பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் அங்கே மருந்து போட வழியில்லை. செம்பு மருந்து நத்தை, இறால், பவளம் மூன்றையும் கொல்லும், கல்லும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் எல்லா மீனையும் பிடித்து வெளியே எடுத்து, பெரிய தொட்டியை 76 நாள் மீனில்லாமல் ஓடவிடுவதுதான் வழக்கமான வழி. வெறும் தொட்டியில் பார்த்துக்கொண்டால் இந்தப் பாடு இல்லை.

பையை 15, 20 நிமிடம் மிதக்க விட்டு வெப்பம் சரியானதும், மீனை மட்டும் எடுத்து விடு, பைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்று. நெடுந்தூரம் வந்த பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதுவரை தீங்கில்லாமல் இருந்த அம்மோனியம் விஷ அம்மோனியாவாக மாறும். அதனால் மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கலந்துகொண்டிருக்கக் கூடாது. முன்கூட்டியே கடைத் தண்ணீரின் உப்பளவைக் கேட்டு, தனித் தொட்டியை அதே அளவுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள். இறாலுக்கும் நத்தைக்கும் மட்டும் நிதானமான சொட்டு முறை தேவை.

கோமாளி மீனில் ஆசிலாரிஸ் வகையை, பண்ணையில் பிறந்ததாகப் பார்த்து வாங்கு. இரண்டும் சின்னதாக, ஒன்று சற்றே பெரியதாக இருக்கட்டும். எல்லாமே ஆணாகப் பிறப்பவை, அதிகாரம் பிடித்தது பெண்ணாக மாறும். கடல் அனிமோன் இல்லாமலே நன்றாக வாழும். அனிமோனை ஒரு வருடம் கழித்து யோசி. ஃபயர்ஃபிஷ் அழகு, ஆனால் துள்ளிக் குதிக்கும், வலை மூடி இல்லாமல் வாங்காதே. அதை முதலில் விடு. இடம் பிடித்துச் சண்டை போடும் கோமாளியைக் கடைசியில் விடு. நீல டேங் 30 செ.மீ. வரை வளரும், உன் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் கோப்பிபாடு என்ற நுண்ணிய உயிரிகளையே தேடித் தின்னும், புதுத் தொட்டியில் கண் முன்னே பட்டினி கிடந்து சாகும். கடையில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் இந்த இரண்டையும் வாங்க மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடு.

கடைசியாக, உன் உடம்புக்காக ஒன்று. பிற்பாடு சோவாந்திட் பவளம் வாங்க ஆசை வரும். அந்த இனத்தில் வரும் பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய விஷம் இருக்கும். அவற்றைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போடு, அவை ஒட்டியிருந்த கல்லைக் கொதிக்க வைக்கவோ வெந்நீர் ஊற்றித் தேய்க்கவோ கூடாது. ஆவியோடு விஷம் மூச்சில் ஏறிக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. கையில் கீறல் இருந்தால் தொட்டிக்குள் கை விடாதே, தண்ணீர் மாற்றும்போது குழாயை வாயால் உறிஞ்சாதே.

தண்ணீர் நிறைந்த மூன்றாம் நாள் உப்பளவு, வெப்பம், அம்மோனியா மூன்றையும் எழுதி அனுப்பு. டெஸ்ட் குழாயை வெள்ளைக் காகிதத்தின் முன் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடு, டியூப் லைட்டில் பச்சையும் மஞ்சளும் ஏமாற்றும்.

அன்புடன்,
அப்பா