கூண்டுக் கோழிக்கும் சட்டம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டெல்லியிலும் அதைச் சுற்றியும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. இடைப்பட்ட நாட்களில் நாய்களுக்காக எழுந்த குரலையும், நாய்க்கடிக்குக் குழந்தைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் குரலையும் நான் ஒருசேர மதிக்கிறேன். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அதில் எங்கும் பேசப்படாத ஓர் உயிரைப் பற்றி, அது மனிதர்களைவிடப் பல மடங்கு எண்ணிக்கையில் வாழும் நாமக்கல் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாளிதழ் உட்படத் தமிழ் நாளிதழ்கள் அது இடும் முட்டையின் விலையை நாள்தோறும் வெளியிடுகின்றன. அது முட்டைக்கோழி.

எங்கள் பகுதிக் கொட்டகைகளுக்குள் போனவர்களுக்கு நான் சொல்வது புதிதாக இருக்காது. தரைக்கு மேலே அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டுகள். ஒவ்வொரு கூண்டிலும் சில கோழிகள். ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம், நாம் நகல் எடுக்கப் பயன்படுத்தும் ஏ4 தாளைவிடக் குறைவு. இட்ட முட்டை தானாக உருண்டு முன்புறத் தட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காகக் கூண்டின் அடிப்பகுதி சரிவாக அமைந்திருக்கும். கோழி ஓராண்டுக்கு மேல் அந்தச் சரிவான கம்பிமீதே நிற்க வேண்டும். ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தாமல் இருக்க, குஞ்சாக இருக்கும்போதே சூடான தகட்டால் அலகின் நுனியை வெட்டிவிடுகிறார்கள். அலகுக்குள் நரம்பு ஓடுகிறது. அது நகத்தை வெட்டுவது போன்ற காரியமன்று.

வீட்டில் நாட்டுக்கோழி வளர்த்தவர்கள் முட்டையிடப் போகும் கோழியைப் பார்த்திருப்பார்கள். கேறிக்கொண்டே வீடு முழுவதும் சுற்றும். வைக்கோல் போருக்கு அடியிலோ, திண்ணை மூலையிலிருக்கும் கூடைக்குள்ளோ மறைவான இடம் தேடும். கிடைக்கும் வரை அதற்கு இருப்புக் கொள்ளாது. முட்டையிட்ட பிறகு மண்ணைக் கிளறிப் புழுதியில் புரண்டு சிறகை உதறும். கூண்டில் இருக்கும் கோழிக்கும் அதே உந்துதல் உண்டு. முட்டையிடும் நேரம் வந்ததும் அதுவும் அங்குமிங்கும் திரும்ப முயல்கிறது, கம்பியில் முட்டுகிறது, மற்றக் கோழிகளின் அடியில் தலையை நுழைக்கிறது. ஆண்டுக்கு முந்நூறு முட்டைக்கு மேல் இடும்படி நாம் உருவாக்கிய இனம் அது. எனவே ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் அது இந்தத் தவிப்பைக் கடக்க வேண்டியிருக்கிறது. அதன் ஆண் உடன்பிறப்புகளின் நிலை இன்னும் சுருக்கமானது. முட்டையும் இடாது, கறிக்கும் வேகமாக வளராது என்பதால் பொரித்த அன்றே அவை கொன்று கழிக்கப்படுகின்றன. ஜெர்மனி 2022 முதல் அந்த வழக்கத்தைத் தடை செய்துவிட்டது.

இதையெல்லாம் சொன்னால், உணவுக்காக வளர்க்கும் உயிருக்கும் வீட்டில் வளர்க்கும் உயிருக்கும் வேறுபாடு இல்லையா என்று கேட்பார்கள். வேறுபாடு உண்டு. நானும் முட்டை உண்பவன். ஆனால் ஓர் உயிரை எதற்காக வளர்க்கிறோம் என்பது நம்முடைய கணக்கு; வலியும் அச்சமும் அந்த உயிருக்கு நேர்வன. நம்முடைய கணக்கு மாறுவதால் அதன் வலி குறைந்துவிடுவதில்லை. 2021-இல் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டி முகாமில் கோயில் யானை ஒன்று அடிபடும் காணொளி வெளியானபோது தமிழகமே கொதித்தது. பாகர் கைது செய்யப்பட்டார். அது சரியான நடவடிக்கை. அதே வேளையில், இருசக்கர வாகனத்தின் இருபுறமும் கால்கள் கட்டப்பட்டு, தலை கீழாக, சாலைப் புழுதியில் கோழிகள் தொங்கிச் செல்வதை நாம் அனைவரும் பார்த்துக்கொண்டேதான் போகிறோம். தேவையற்ற வேதனை தரும் வகையில் எந்த விலங்கையும் எடுத்துச் செல்வது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு சொல்கிறது. நியாயமான அளவுக்கு அசைய முடியாதபடி நீளமும் அகலமும் உயரமும் குறைந்த கூண்டில் எந்த விலங்கையும் அடைத்து வைப்பதும் அதே பிரிவின்படி குற்றம். சட்டத்தில் ‘எந்த விலங்கையும்’ என்றுதான் இருக்கிறது. யானைக்கும் நாய்க்கும் மட்டும் என்று இல்லை.

அந்தக் குற்றத்துக்கு முதல்முறை பிடிபட்டால் சட்டம் விதிக்கும் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இதன் பக்கத்தில் மயிலை வைத்துப் பார்க்கலாம். மயிலும் கோழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பறவைகள். மயிலைக் கொன்றால் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. அந்தச் சட்டத்தின் நோக்கம் இனம் அழியாமல் காப்பது, அது வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மயிலுக்கான பாதுகாப்பைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. வதையைத் தடுக்கவென்றே இயற்றிய சட்டம் வதைக்கு விதிக்கும் விலை ஒரு தட்டு முட்டையின் விலைக்குக்கூட ஈடாகவில்லை என்பதே என் மனக்குறை.

ஜல்லிக்கட்டு வழக்கில் 2014 மே 7 அன்று வந்த தீர்ப்பில், பசி தாகத்திலிருந்தும், வலி நோயிலிருந்தும், அச்சத்திலிருந்தும், வசதிக் குறைவிலிருந்தும் விடுதலை, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் விடுதலை என்ற ஐந்து விடுதலைகளை உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசியது. அந்தத் தீர்ப்பை எதிர்த்து 2017 ஜனவரியில் மெரினாவில் நாம் திரண்டோம். காளையை வீட்டுப் பிள்ளையாக வளர்க்கிறோம் என்று வாதாடினோம். மாநிலச் சட்டமும் வந்து, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றுக்கொண்டது. ஆண்டில் சில நாட்கள், சில நிமிடங்கள் வாடிவாசலில் நிற்கும் காளைக்காக இரு தரப்பிலும் அவ்வளவு ஆற்றல் செலவிட்டோம். வாழ்நாள் முழுவதும் சிறகை விரிக்க முடியாத கோழிக்காக அந்த ஐந்து விடுதலைகளில் ஒன்றையேனும் கேட்டு இங்கே ஒரு கூட்டம் நடந்ததாக நான் அறியேன். அதே 2017 ஜூலையில் சட்ட ஆணையம் தனது 269-ஆவது அறிக்கையை முழுவதும் முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்புக்காகவே ஒதுக்கியது. மெரினாவைப் பற்றிப் பேசியவர்களில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

பண்ணையாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. அவர்களில் பலர் என் உறவினர்கள். எச்சத்திலிருந்து முட்டையும் கோழியும் விலகியிருப்பதால் நோய் குறையும் என்பதாலும், குறைந்த ஆட்களைக் கொண்டு நிறையக் கோழிகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பதாலுமே கூண்டு முறை பரவியது. மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறும்போதெல்லாம், முட்டை விலை இறங்கும்போதெல்லாம் கடனில் விழுபவர்கள் அவர்கள். தனி ஒரு பண்ணையாளர் மனம் இரங்கிக் கூண்டை அகற்றினால், அடுத்த மாதமே சந்தையில் தோற்றுப்போவார். ஆகவே மாற்றம் வாங்குபவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் முட்டை வாங்குவோரில் தமிழக அரசுக்கு இணையானவர் இல்லை. சத்துணவில் வாரத்துக்கு ஐந்து நாள் ஏழைக் குழந்தைகளுக்கு முட்டை தருவது இந்த மாநிலம் செய்த பெரும் நற்செயல்களுள் ஒன்று; அதில் ஒரு முட்டை குறைவதையும் நான் ஏற்க மாட்டேன். அந்த முட்டையைக் கொள்முதல் செய்யும் ஒப்பந்தப்புள்ளியில் எடை, தரம், விநியோகம் பற்றியெல்லாம் நிபந்தனை விதிக்கும் அரசு, ஒரு கோழிக்கு இவ்வளவு இடம், முட்டையிட ஒரு மறைவு என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். முதலில் மொத்தக் கொள்முதலில் ஒரு சிறு பங்குக்கு, அதற்கான கூடுதல் விலையையும் தந்து. ஐரோப்பிய ஒன்றியம் 1999-இல் முடிவெடுத்து, பண்ணைகளுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் தந்து, 2012 முதல் வெறுங்கம்பிக் கூண்டுகளைத் தடை செய்தது. எஞ்சிய கூண்டுகளில் கோழி ஒன்றுக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடமும், முட்டையிடும் மறைவும், அமரக் கழியும் கட்டாயம் என்றது. நம்மாலும் அதுபோல் ஒரு கால அட்டவணை வகுக்க முடியும். நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் வெயிலுக்கும் நம் நோய்களுக்கும் ஏற்ற கொட்டகை எது என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பை அரசு அதனிடம் ஒப்படைக்கலாம்.

அடுத்த கொள்முதல் ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன்பே சமூக நலத்துறையும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் பண்ணையாளர்களை அழைத்து இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முட்டை விலையை நாள்தோறும் வெளியிடும் தாங்கள், ஒரு நாளேனும் செய்தியாளர் ஒருவரை எங்கள் ஊர்க் கொட்டகைக்குள் அனுப்பி, அங்கே காண்பதை எழுதச் செய்ய வேண்டும் என்றும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ராசிபுரம், நாமக்கல் மாவட்டம்.