புகார்: 44 மெஷினும் பச்சையா இருக்கு, ஈவென்ட் தான் வரல

சப்போர்ட் மேனேஜருக்கு,

வணக்கம் சார். உங்க சேல்ஸ் ஆளு பீன்யாவுல எங்க கம்பெனிக்கு வந்து தமிழ்லயே பேசி தான் இந்த மானிட்டரிங் சாஃப்ட்வேர வித்தாரு, அதனால புகாரும் தமிழ்லயே எழுதுறேன். இங்கிலீஷ்ல போட்ட ரெண்டு டிக்கெட்டையும் ரிசால்வ்டுன்னு மூடிட்டீங்க, இதையாவது முழுசா படிங்க.

எங்களது சின்ன கம்பெனி, லேத் பார்ட்ஸ் பண்றோம், 42 கம்ப்யூட்டர், 2 சர்வர், எல்லாத்தையும் பாத்துக்க நான் ஒருத்தன். எந்த மெஷின்ல எந்த ப்ராசஸ் (ஓடுற புரோகிராம்) ஓடுது, அது எந்த ஐபியோட பேசுதுன்னு விண்டோஸ் தானே லாக்ல எழுதி வைக்கிற ஈவென்ட்ட வச்சே புடிச்சு குடுத்துரும்னு டெமோ காட்டுனீங்க. நல்லா தான் இருந்துச்சு. ஓனர்கிட்ட மல்லுக்கட்டி ஒரு வருஷ லைசென்ஸ் வாங்க வச்சதே நான் தான், அதான் இப்ப என் தலை உருளுது.

இன்ஸ்டால் பண்ண வந்த தம்பி மேல கோவம் இல்ல, சொல்லி குடுத்தத செஞ்சாரு. மூணு நாள்ல எல்லா மெஷின்லயும் லாக்க படிச்சு அனுப்புற ஏஜென்ட் புரோகிராம போட்டு, டேஷ்போர்டுல 44ம் பச்சையானதும் ஒரு போட்டோ எடுத்துட்டு கையெழுத்து வாங்கிட்டு கெளம்பிட்டாரு. 19 நாளா ஒரு அலர்ட் கூட வரல. ஓனருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு தான் உறுத்துச்சு, இத்தன மெஷின்ல ஒரு பொய் அலர்ட் கூடவா வராது? என் மெஷின்லயே பவர்ஷெல்ல (கட்டளை டைப் பண்ணி ஓட்டுற விண்டோஸ் புரோகிராம்) பத்து தடவ தொறந்து மூடினேன், டெமோல இதுக்கு தான் செவப்பு எரிஞ்சுது, இங்க மூச்சே இல்ல. ஈவென்ட் வியூவர்ல செக்யூரிட்டி லாக்ல 4688னு ஃபில்டர் போட்டா காலி. புது ப்ராசஸ் ஆரம்பிச்சா விழுற ஈவென்ட்டே அது தான், ஆனா ஆடிட் ப்ராசஸ் கிரியேஷன்ங்கிற பாலிசிய ஆன் பண்ணா தான் விழும், எங்க மெஷின் அத்தனையிலயும் நோ ஆடிட்டிங்னு, அதாவது பதிய வேணாம்னு இருக்கு! உங்க ஏஜென்ட் உயிரோட இருக்குன்னு காட்டுற பச்சைய, எங்க மெஷின் பத்திரமா இருக்குன்னு நாங்க நெனச்சுட்டோம். 19 நாளா ஒரு ஈவென்ட் கூட வராத மெஷினுக்கு ஒரு மஞ்சளாவது காட்டக்கூடாதா?

ஃபோன் போட்டதும் பாலிசிய ஆன் பண்ண சொன்னாங்க, பண்ணேன். ஈவென்ட் வந்துச்சு, எந்த கட்டளையோட ஓடுச்சுன்னு காட்டுற கமாண்ட் லைன் கட்டம் மட்டும் மொட்டையா இருந்துச்சு. அதுக்கு தனியா இன்னொரு பாலிசி இருக்குன்னு நானே தேடி கண்டுபிடிச்சேன். கமாண்ட் லைன் தெரியலன்னா எங்க ராத்திரி பேக்கப் ஸ்கிரிப்டும் பவர்ஷெல் தான், எவனாச்சும் மெயில்ல அனுப்புற வில்லங்கமும் பவர்ஷெல் தான், எத வச்சு பிரிக்கிறது?

அடுத்த ஃபோன்ல உங்க ஆளு "எல்லா ஆடிட்டையும் ஆன் பண்ணிருங்க சார், சேஃப்"னாரு. நானும் பண்ணேன், புத்தி வேணும் எனக்கு. ஒவ்வொரு நெட்வொர்க் கனெக்ஷனுக்கும் ஒரு 5156 ஈவென்ட் மழையா கொட்ட ஆரம்பிச்சுது. செக்யூரிட்டி லாக் சைஸ் 20 எம்பி, நெறஞ்சா பழசு மேலயே எழுதும், உங்க ஏஜென்ட்டோ மணிக்கு ஒரு தடவ தான் வந்து படிக்கும். ஃபைல் சர்வர்ல போய் பாத்தேன், இருக்கிறதுலயே பழைய ஈவென்ட் 25 நிமிஷத்துக்கு முந்தினது. மீதி 35 நிமிஷம் யார் கண்ணுலயும் படாமலே அழிஞ்சுருக்கு. வந்து சேந்ததுலயும் பாதிக்கு மேல அன்நோன் ப்ராசஸ். ஏன்னு பாத்தா, எந்த கனெக்ஷன் எந்த புரோகிராமோடதுன்னு ப்ராசஸ் ஐடிங்கிற நம்பர வச்சு தான் சேக்கணும், அது 4688ல ஹெக்ஸ்ல (பதினாறு பதினாறா எண்ணுற முறை) இருக்கு, 5156ல சாதாரண டெசிமல்ல இருக்கு. ஒண்ணுல ஜீரோ எக்ஸ் ஒன் ஏ ஃபோர் சி, இன்னொண்ணுல 6732. ரெண்டும் ஒரே நம்பர் தான், நான் கால்குலேட்டர்ல போட்டு பாத்தேன், உங்க சாஃப்ட்வேர் பாக்கல.

இதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. போன செவ்வாக்கெழம காலைல 4.10க்கு அக்கவுண்ட்ஸ் மெஷின்ல டேலி ஓடியிருக்குன்னு ஓனர் மொபைலுக்கு அலர்ட் போயிருக்கு. அவரு நேரா கேட்டுக்கு போய் வாட்ச்மேன புடிச்சுக்கிட்டாரு. வாட்ச்மேன் ராய்ச்சூர்க்காரர், அறுபது வயசு, கம்ப்யூட்டர தொட்டதே இல்ல, சாவிக்கொத்த ஓனர் கையில குடுத்துட்டு எண்ணி பாருங்கன்னு நின்னாரு பாருங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. நான் போய் பாத்தா அது அக்கவுண்ட்ஸ் அக்கா வழக்கம்போல 9.40க்கு டேலி தொறந்தது! உங்க டேஷ்போர்டு யூடிசிங்கிற உலகப் பொது டைம் காட்டிட்டு இருக்கு, நம்ம ஊரு டைம்க்கு மாத்தவே இல்ல, அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். வாட்ச்மேனுக்கு காபி வாங்கி குடுத்து மன்னிப்பு கேட்டது நான்.

மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுப்படி, சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள ரிப்போர்ட் பண்ணணும், லாக்க 180 நாள் வச்சுருக்கணும். உங்க ப்ரோஷர்லயே பெரிய எழுத்துல அச்சடிச்சுருக்கீங்க. என்கிட்ட இருக்கிறது 25 நிமிஷம், அதுவும் தப்பான டைம்ல. எத அனுப்பட்டும்?

இப்ப மறுபடி ஆள் வரணும்னா விசிட் சார்ஜ்னு கொட்டேஷன் அனுப்பியிருக்கீங்க, அத மொதல்ல கேன்சல் பண்ணுங்க. விஷயம் தெரிஞ்ச சீனியர் ஒருத்தர் நேர்ல வரணும், எந்த ஆடிட் வேணும் எது வேணாம்னு என் பக்கத்துல உக்காந்து முடிவு பண்ணி, லாக் சைஸ் ஏத்தி, டைம சரி பண்ணி, நான் பவர்ஷெல் தொறந்தா என் கண்ணு முன்னாடி அலர்ட் வரணும். அதுக்கப்பறம் தான் கையெழுத்து. லைசென்ஸ் வருஷமும் அன்னைலருந்து தான் ஆரம்பிக்கணும். ஏழு நாள்ல பதில் வரலன்னா பணத்த திருப்பி கேட்டு ஓனர் பேர்ல லெட்டர் வரும்.

11ஆம் தேதி வரைக்கும் யாரையும் அனுப்ப வேணாம், ஜிஎஸ்டிஆர்-1 (ஜிஎஸ்டி விற்பனை கணக்கு) போடுற நேரம், அக்கா அந்த மெஷின தொட விடமாட்டாங்க. வர்றவர்கிட்ட கேட்டுல எந்த கம்பெனின்னு சொல்லாம, என் பேர மட்டும் சொல்லி உள்ள வர சொல்லுங்க.

இப்படிக்கு,
சிஸ்டம் அட்மின்,
பீன்யா, பெங்களூரு