விடலைத்தனமா, ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பிங்க் ஃப்ளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் இசைக்குழுவுக்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மகிழ்ச்சி. அதில் 'முதல் ஆல்பத்தின் விடலைத்தனத்தைத் தாண்டிய பிறகே குழு வளர்ந்தது' என்று போகிற போக்கில் ஒரு வரி. இரண்டு நாளாகத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

1967 ஆகஸ்ட்டில் வந்த அந்த ஆல்பத்தின் ('தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்') பதினொரு பாட்டில் எட்டைத் தனியாக எழுதியவர் குழுவின் பாடகரும் கிடார் கலைஞருமான சிட் பாரெட். வயது 21. பூனைக்கு ஒரு பாட்டு, சோளக்கொல்லை பொம்மைக்கு ஒரு பாட்டு, சைக்கிளுக்கு ஒரு பாட்டு. இவற்றுக்கு நடுவே சொல்லே இல்லாமல் ஒன்பதரை நிமிடத்துக்கு மேல் கிடாரும் ஆர்கனும் விண்வெளியில் அலைகின்றன. கேசட் பதிந்து தந்த கடைக்காரர், "சார், ரெக்கார்டு கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். அவரை நான் மன்னித்துவிட்டேன். அவர் கட்டுரை எழுதவில்லையே.

அந்தக் கேசட் அமெரிக்கப் பதிப்பிலிருந்து எடுத்தது. சைக்கிள் பாட்டு உட்பட மூன்றை நீக்கிவிட்டு, தனி இசைத்தட்டாக வந்த 'சீ எமிலி ப்ளே' பாட்டை முதலில் வைத்திருந்தார்கள். குறுந்தகடு வாங்கியபோதுதான் எனக்கே இது தெரிந்தது. அதற்குள் பன்னிரண்டு வருடம் போயிருந்தது. உங்கள் கட்டுரையும் ஆல்பம் 'சீ எமிலி ப்ளே'யில் தொடங்குவதாகச் சொல்கிறது. கட்டுரையாளர் கேட்டது என் பழைய கேசட்டைத்தானோ?

குழுவின் ஒலி மாறியது வளர்ச்சியால் மட்டும் அல்ல, ஐயா. பாட்டு எழுதியவர் மனநிலை குலைந்து 1968இல் வெளியேறினார். அதே ஆண்டு வந்த இரண்டாவது ஆல்பத்தில் அவர் எழுதியது ஒரே ஒரு பாட்டு. மீதிப்பேர் வேறு வழி தேடினார்கள். 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை நானும் தேயத் தேயக் கேட்டவன்தான். அதைப் புகழ இதைத் திட்ட வேண்டுமா? 1975இல், முதல் ஆல்பம் பதிவான அதே அபே ரோடு ஸ்டூடியோவுக்குத் தலையும் புருவமும் மழித்து, உடம்பு பருத்து வந்து நின்ற சிட்டைப் பழைய நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. ஆகவே சிட்டின் இடத்துக்கு வந்த கிடார் கலைஞர் டேவிட் கில்மோர் படத்தைப் போட்டு அடியில் 'சிட் பாரெட்' என்று நீங்கள் அச்சிட்டதில் வியப்பில்லை.

இசைத்தட்டு விமர்சனப் பகுதியை நிறுத்தி ராசிபலனுக்குக் கூடுதல் பக்கம் கொடுத்தபோதே எழுதினேன். பதில் இல்லை. அப்புறம் இளையராஜாவின் ஆரம்பகாலப் படங்கள் பற்றி எழுதினேன். பாதியை வெட்டிவிட்டு 'பாராட்டுக் கடிதம்' என்று தலைப்பிட்டீர்கள். பெரிய மனது.

ஆசிரியருக்குத் தெரியாததா! அந்தப் பட விளக்கத்தை மட்டும் அடுத்த இதழில் திருத்துங்கள். மூலையில் பொடி எழுத்தில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
முப்பது வருடச் சந்தாதாரர்,
திருச்சி.