புதிய சர்வர் வாங்கும் முன் ஒரு வேண்டுகோள்

எங்கள் விசைப்படகு உரிமையாளர் சங்கத்தின் இணையச் செயலியைப் பராமரிக்கும் தொழில்நுட்பக் குழுவினருக்கு,

வணக்கம். பாம்பனில் கணினி மையம் நடத்துகிறேன்; முன்பு சில ஆண்டுகள் ஜாவா நிரல் எழுதிப் பிழைத்தவன். செயலி மந்தமாக இருப்பதால் இருமடங்கு ராம் உள்ள சர்வர் வாங்கப்போவதாகச் சங்கக் கூட்டத்தில் அறிவித்தார்கள். அதற்குப் பணம் கட்டும் முன், இப்போதுள்ள சர்வருக்குள் நேரம் எங்கே போகிறது என்பதை அளந்து பார்க்க வேண்டுகிறேன்.

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடியும் ஜூன் 14 மாலை, ஐஸுக்கும் டீசலுக்கும் பதிவு செய்ய என் மையத்தில் பதினேழு பேர் நின்றார்கள். பொத்தானை அழுத்தியதும் திரை அப்படியே நின்றுவிட்டது. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்ததில், ஒவ்வொரு முறையும் சரியாக 30 நொடியில் பிழைச் செய்தி வந்தது. ராம் போதாத சர்வர் இப்படி நொடி பிசகாமல் நடந்துகொள்ளாது. பிழைப் பக்கத்தில் ஹிகாரிபூல் (டேட்டாபேஸ் இணைப்புகளைச் சேர்த்துவைத்துப் பகிர்ந்து தரும் ஜாவா நிரல்) என்ற பெயரும் 30000 என்ற எண்ணும் (மில்லிநொடியில் அதே 30 நொடி), அடியில் டாம்கேட் (ஜாவா செயலியை இயக்கும் சர்வர் மென்பொருள்) பெயரும் இருந்தன. (இவற்றைப் பயனருக்குக் காட்டியிருக்கவே கூடாது, அது தனி வழக்கு.) அமைப்பை மாற்றாவிட்டால் ஹிகாரி வைத்திருப்பது 10 டேட்டாபேஸ் இணைப்புகள், ஓர் இணைப்புக்காகக் காத்திருக்க விடுவது 30 நொடி, டாம்கேட்டோ 200 த்ரெட் (ஆளுக்கொரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலை இழை) வரை திறக்கும். பத்துப் படகு கட்டும் ஜெட்டிக்கு இருநூறு படகு வந்து நிற்கிறது. கட்டிய படகு ஏன் அவிழவில்லை என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கூட்டமில்லாத நாளிலும் திரையில் பதிவு எண் தோன்றுமுன்பே கைப்பேசிக்கு எஸ்எம்எஸ் வந்துவிடுகிறது. ஆகவே, டிரான்ஸாக்‌ஷனை (டேட்டாபேஸில் ஒரே மூச்சில் முடியவேண்டிய பதிவு வேலையை) முடிக்காமல், டேட்டாபேஸ் இணைப்பைக் கையில் பிடித்தபடியே எஸ்எம்எஸ் சேவையின் பதிலுக்காக நிரல் காத்திருக்கிறதோ என்று ஐயப்படுகிறேன். என் ஐயத்தை நம்பி நிரலைத் திருத்திவிடாதீர்கள். நெரிசல் நேரத்தில் பத்து நொடி இடைவெளியில் மூன்று முறை ஜெஸ்டாக் (எல்லா த்ரெட்களின் அப்போதைய நிலையையும் பட்டியலிடும் ஜாவா கருவி) எடுத்தால், த்ரெட்கள் எந்த வரியில் நிற்கின்றன என்பது தெரிந்துவிடும். ஜேடிகே (ஜாவா நிரலாக்கத் தொகுப்பு) 11 முதல் ஃப்ளைட் ரெக்கார்டர் (ஓடும் நிரல் நேரத்தை எங்கே செலவிடுகிறது என்று பதிவுசெய்யும் கருவி) இலவசமாகவே கிடைக்கிறது. இயல்பான அமைப்பில் அதன் சுமை ஏறத்தாழ ஒரு விழுக்காடுதான் என்பதால், ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே தயங்காமல் இயக்கலாம். சிபியு அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனெனில் காத்திருக்கும் த்ரெட் சிபியுவைத் தொடுவதில்லை. நாள் முழுதுக்கும் சராசரி எடுத்தாலும் அதே கதைதான். ஆளில்லா நள்ளிரவு அந்த மாலை நெரிசலை மறைத்துவிடும்.

அடுத்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளுக்கு முந்தைய மாலை, ஐந்து மணியிலிருந்து ஒரு மணி நேரம் பதிவெடுத்து, முடிவைச் சங்க உறுப்பினர்கள் முன் வையுங்கள். உட்கார்ந்து படிக்க நானும் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
கணினி மையத்தார் ஒருவர்,
பாம்பன்