பெண்பால் விதை என்று விற்ற பொட்டலத்தில் இருபால் செடிகள்: இழப்பீடு கோரும் முறைப்பாடு

ஸ்காபரோ, ஒன்ராறியோ
2025 மே 12

வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் உங்கள் நிறுவனத்தின் தமிழ் பேசும் ஊழியர் ஒருவர் தொலைபேசியில், பெண்பால் என்று நீங்கள் விற்ற கஞ்சா விதையின் செடிகளில் ஆண் உறுப்பும் வந்தது பற்றிய என் முறைப்பாட்டைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "கூடாரத்துக்குள் எங்கோ வெளிச்சம் கசிந்திருக்கும் ஐயா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வீட்டுக்குள் செடி வளர்க்கும் கூடாரத்தில் இருட்டு நேரத்தில் வெளிச்சம் பட்டால் பெண் செடியும் ஆண் உறுப்பு விடும் என்பது அவர் வாதம். அந்த ஒரு வரிக்குத்தான் இந்தக் கடிதம்.

ஜனவரியில், பெண் செடி மட்டுமே தரும் 'பெண்பால்' விதை என்று அச்சடித்த உங்கள் கஞ்சா விதைப் பொட்டலம் ஒன்றை உரிமம் பெற்ற கடையில் வாங்கினேன். நான்கு விதை, வரியோடு 62 டொலர். இரண்டை ஊன்றினேன். பக்கத்தில் வேறொரு நிறுவனத்தின் விதை இரண்டு. 2018 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கஞ்சாச் சட்டப்படி வீட்டுக்கு நான்கு செடிதான். அதற்கு மேல் ஒன்றும் வைக்கவில்லை.

பெப்ரவரிக் கடைசியில், செடிகள் பூக்கட்டும் என்று விளக்கை நாளுக்கு 12 மணி நேரமாகக் குறைத்தேன். நான்கும் வெள்ளை நார் விட்டுப் பெண்ணாகவே பூத்தன. நான்காம் வாரம் உங்கள் செடி ஒன்றின் பூங்கொத்து நடுவே, கடுகளவு வாழைப்பழம் போல மஞ்சளாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. பழுத்த இலை நுனி என்று நினைத்துவிட்டேன். மூன்று நாளில் உங்கள் மற்றச் செடியிலும் அதுவே. தனி ஆண் மொட்டாக வந்திருந்தால் வெடிக்குமுன் கிள்ளி எறிந்திருக்கலாம். இது மூடி இல்லாத மகரந்தப்பை. கண்ணில் படும்போதே தூள் பறந்திருக்கும். மின்விசிறி மிச்ச வேலையைப் பார்த்துவிட்டது.

நான்கு செடியிலும் வெள்ளை நார் பழுப்பாகிச் சுருண்டது. எனக்கு வேண்டிய பூ பருக்கவில்லை, விதைதான் பருத்தது. அறுவடையில் விரல் நீளப் பூங்கொத்து ஒன்றை உதிர்த்து எண்ணினேன்: 23 விதை. அவற்றை நடவும் மனமில்லை. தாயின் குணம் பிள்ளைக்கும் வரும்.

இனி வெளிச்சத்துக்கு வருகிறேன். ஒன்றை மறைக்கவில்லை: இரண்டாம் வாரம் என் மனைவி எதையோ தேடி, இருட்டு நேரத்தில் டோர்ச்சோடு கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார். அந்த வெளிச்சம் நான்கு செடியிலும்தான் பட்டது. அதே கூடாரம், அதே விளக்கு, அதே தண்ணீர். மற்ற நிறுவனத்தின் இரண்டு செடியிலும் கடைசிவரை ஒரு மகரந்தப்பைகூட வரவில்லை. உங்கள் இரண்டும் இருபாலாகத் திரிந்தன. ஒரு நிமிட டோர்ச் வெளிச்சம் தாங்காத விதை என்றால், அதையல்லவா பொட்டலத்தில் அச்சடித்திருக்க வேண்டும்?

நான் யாழ்ப்பாணத்துக் கமக்காரன் மகன். பனை ஆணா பெண்ணா என்று பாளை வரும்வரை பத்துப் பதினைந்து வருடம் பார்த்திருந்தவர்கள் நாங்கள். இந்த வயதில் அந்தக் காத்திருப்பு வேண்டாம் என்றுதான் 'பெண்பால்' என்ற ஒரு சொல்லுக்குக் கூடுதல் காசு கொடுத்தேன்.

அந்த விதையை உருவாக்கும் முறையும் ஓரளவு தெரியும். எளிதில் திரியாத பெண் செடியாகத் தேர்ந்து, வெள்ளித் தயோசல்பேட் என்ற மருந்தைத் தெளித்து மகரந்தம் தர வைத்து, இன்னொரு பெண் செடியோடு சேர்ப்பது ஒரு வழி. வாட்டியதும் தானாகவே ஆண் பூ விடும் செடியின் மகரந்தத்தை எடுப்பது இன்னொரு வழி. இரண்டாவதில் மருந்துச் செலவு மிச்சம். கூடவே அந்தக் குணமும் விதைக்குள் போகும். நீங்கள் செய்தது எது? எழுத்தில் பதில் வேண்டும்.

பொட்டலத்தின் 62 டொலரையும், நான்கு மாதம் விளக்குக்கும் விசிறிக்கும் போன 148 டொலரையும் தர வேண்டும். அதே தொகுதி எண்ணில் விதை வாங்கியவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். இப்போது எத்தனை வீட்டில் பூக்கும் பருவமோ தெரியாது. 21 நாளில் பதில் வராவிட்டால், ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மேல் நடவடிக்கை எடுப்பேன்.

ஊன்றாத இரண்டு விதையும் தொகுதி எண் அழியாத பொட்டலத்திலேயே இருக்கின்றன. சோதித்துப் பார்க்க ஒன்றைத் தருகிறேன். மற்றது என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பற்றுச்சீட்டு நகல், பொட்டலத்தின் படம், மகரந்தப்பைகளின் படங்கள் 6