மாகாண சபைத் தேர்தல் எங்கே?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழின் தலையங்கத்தை இரண்டு தரம் வாசித்தேன். அதிகாரமில்லாத மாகாண சபைக்குத் தேர்தல் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன என்ற தொனியில் முடித்திருந்தீர்கள். அந்த இடத்தில்தான் உங்களோடு எனக்குப் பிணக்கு.

2013 செப்ரெம்பர் 21, வட மாகாண சபைத் தேர்தல். நான் அப்போது ஆசிரியர், யாழ்ப்பாணத்தில் ஒரு வாக்களிப்பு நிலையத்தில் கடமை. காலை ஏழு மணிக்குக் கதவு திறக்க முன்னரே வெளியில் வரிசை நின்றது. முதல்நாள் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு வேட்பாளர் அனந்தி சசிதரனின் வீடு தாக்கப்பட்டிருந்தது. விடிந்தால் யாழ்ப்பாணத் தினசரி 'உதயன்' பெயரில் ஒரு போலிப் பத்திரிகை. அவர் அரச தரப்புக்குத் தாவிவிட்டார் என்று அதில் செய்தி. பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இது மறந்திருக்காது. வரிசையில் நின்ற ஒரு வயதான அம்மா அந்தப் பேப்பரை நாலாய் மடித்து விசிறிக்கொண்டு நின்றார். முடிவு வந்தபோது அனந்திக்கு 87,870 விருப்பு வாக்குகள். அவருக்கு மேலே முதலமைச்சர் வேட்பாளர் விக்னேஸ்வரன் ஒருவர்தான், 132,255.

அன்று வாக்களிக்க வந்தவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் 78.48 வீதம் கூட்டமைப்பின் வீட்டுச் சின்னத்துக்கு. 38 ஆசனங்களில் 30 கூட்டமைப்புக்கு, 7 அன்றைய அரச தரப்பின் வெற்றிலைக்கு, 1 முஸ்லிம் காங்கிரசுக்கு. பொலிஸ் அதிகாரமும் காணி அதிகாரமும் அந்தச் சபைக்குக் கிடைக்கப்போவதில்லை என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். மாகாண சபைச் சட்டம் வந்தது 1987இல். 1988இல் வடகிழக்கு மாகாண சபைக்குக் கிழக்கில்தான் வாக்களிப்பு நடந்தது. வடக்கில் போட்டியே இல்லாமல் உறுப்பினர்கள் தெரிவானார்கள். ஆக, வடக்கு மக்கள் தங்கள் மாகாண சபைக்கு வாக்குப் போட்டது இந்த 38 வருடத்தில் ஒரே ஒரு நாள்.

சரி, அந்தச் சபை என்ன கிழித்தது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முதலமைச்சர் நிதியத்துக்காகச் சபை இயற்றிய நியதிச் சட்டம் ஆளுநரைத் தாண்டவில்லை. அதற்குக் கொழும்பைக் குறை சொல்லலாம். ஆனால் 2017 ஜூனில் சொந்தக் கட்சிக்காரரே முதலமைச்சருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையைத் தூக்கிக்கொண்டு ஆளுநரிடம் ஓடினார்களே, அதை யாரில் போடுவது? கைதடிச் சபை மண்டபத்தில் தீர்மானங்களுக்குக் குறைவிருக்கவில்லை. வேலை குறைவு. ஒத்துக்கொள்கிறேன்.

அதற்காகத் தேர்தலையே கைவிடுவதா? சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்கு முதல் வருடமே கண்ணி வைத்தாகிவிட்டது. வேட்புமனுவில் பெண்களுக்கு 30 வீதம் என்று பாராளுமன்றத்துக்கு வந்த சட்டமூலம் குழுநிலையில் உருமாறி, விகிதாசாரமாக இருந்த தேர்தல் முறையையே தொகுதியும் கலந்த முறையாக மாற்றிவிட்டது. 2017 செப்ரெம்பரில் 159 பேர் ஆதரவாக வாக்களித்து அது நிறைவேறியது. புதிய முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும்; அது இல்லாமல் தேர்தல் வைக்கமுடியாது. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139, ஆதரவாக ஒருவருமில்லை. அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். இப்படியொரு கூத்தை எந்த அண்ணாவியாரும் போட்டிருக்கமாட்டார். பிறகு அன்றைய பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு; அதன் அறிக்கை வரவேயில்லை. பழைய விகிதாசார முறைக்குத் திரும்பக் கூட்டமைப்பின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த சுமந்திரன் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்தார், அதுவும் நிறைவேறவில்லை.

இப்போதைய தேசிய மக்கள் சக்தி அரசாங்கத்துக்கும் பாராளுமன்றத்தில் அதே 159 ஆசனங்கள். யாழ்ப்பாணத்தில் ஆறில் மூன்றும் அவர்களுடையவை. ஒரு வருடத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் என்று விஞ்ஞாபனத்தில் எழுதித்தான் வந்தார்கள். 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலை நடத்தினார்கள், நல்லது. இதற்கு மட்டும் ஏன் கை வரவில்லை?

இன்றைக்கு மாகாணத்தை நடத்துவது ஜனாதிபதி நியமித்த ஆளுநரும் செயலாளர்களும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணித ஆசிரியர் கேட்டு மூன்று முறை மனுக் கொடுத்தோம். எழுதி வைத்துக்கொண்டார்கள். உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால் ஆசிரியர் கிடைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தேர்தலுக்கு அவர் எங்கள் படலைக்கு வந்துதானே ஆகவேண்டும்? ஆளுநர் வரத் தேவையில்லை.

2013இல் என் மகளுக்குப் பதினேழு வயது. அடுத்த முறை போடலாம் என்று ஆறுதல் சொல்லிவிட்டுத்தான் கடமைக்குப் போனேன். இப்போது அவளுக்கு இருபத்தொன்பது.

ஆகவே அடுத்த தலையங்கம் எழுதும்போது, பழைய சட்டத்துக்குத் திரும்பும் திருத்தத்தை எந்த மாதத்தில் கொண்டுவருவீர்கள் என்று யாழ்ப்பாணத்தின் அந்த மூன்று ஆளுங்கட்சி உறுப்பினர்களிடமும் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைத் திகதியோடு போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
வலிகாமம்.