அமன்சன் ராஞ்ச் பிழைத்தது, எல்லாருக்கும் நன்றி

நண்பர்களே,

பத்திரம் கைமாறிவிட்டது. 15 கோடி டாலர், ஏறக்குறைய 3,000 ஏக்கர், இனி அது பொதுமக்களின் நிலம். கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இந்த மேய்ச்சல் நிலத்தில் 3,050 வீடுகளும் கோல்ஃப் மைதானமும் கட்டும் திட்டத்தை எதிர்த்து நாம் நடத்திய போராட்டம் உங்கள் எல்லாருக்கும் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. 1992-இல் வெஞ்சுரா கவுன்டி (மாவட்ட நிர்வாகம்) திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தபோதே "முடிந்துபோன விஷயம், விட்டுவிடுங்கள்" என்று சொன்னார்கள். 2003 முடிவதற்குள் அங்கே ஒரு வீடுகூட எழும்பாமல் மேய்ச்சல் நிலம் அப்படியே பூங்காவாகிறது என்பதை இன்னும் எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு நன்றி. விடாமல் எதிர்த்து நின்ற கலபாசஸ் நகர நிர்வாகத்துக்கு, தன் பெயரையும் செல்வாக்கையும் இதற்காகவே செலவழித்த இயக்குநர் ராப் ரைனருக்கு, நிலத்தை வாங்கிக்கொடுத்த சான்டா மோனிகா மலைகள் பாதுகாப்பு அமைப்புக்கு, 2002 நவம்பரில் மாநில வாக்கெடுப்பில் 50-ஆம் முன்மொழிவுக்கு "ஆம்" போட்டு அதற்கான பணத்துக்கு வழி செய்த வாக்காளர்களுக்கு. 1929-க்குப் பிறகு யார் கண்ணிலும் படாமல், அழிந்தேபோனதாக எழுதிவைத்திருந்த ஸ்பைன்ஃப்ளவர் செடியை 1999-இல் இந்த ராஞ்சில் கண்டுபிடித்தவர்களுக்கு. அந்தத் துளியூண்டு வெள்ளைப் பூவும் அரிதான சிவப்புக்கால் தவளையும் இல்லையென்றால் திட்டத்தின் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கையை மறுபடி எழுதவைத்திருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். அப்புறம், மாலிபு கோயிலுக்குச் சாமி கும்பிட வந்த இடத்தில் நான் நீட்டிய மனுவை வாங்கிப் படித்துக் கையெழுத்திட்ட நம்மவர்களுக்கு. ராஞ்சில் பெய்கிற மழை லாஸ் வர்ஜீனஸ் ஓடை வழியாக மாலிபு ஓடையில் சேர்ந்துதான் கடலுக்குப் போகிறது என்று சொன்னதும் பேனாவைக் கேட்டு வாங்கியவர்கள் பலர்.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது இன்னொருவருக்காக. அவர் பெயர் எனக்குத் தெரியாது.

வெஞ்சுராவில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றில், பேசுவதற்கு எனக்கு மிகவும் பின்னால் எண் விழுந்திருந்தது. மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும், 101 நெடுஞ்சாலையில் அந்த நேரத்து நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பேசாமல் கிளம்புவதைத் தவிர வழியில்லை என்று தாள்களைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் தொழிற்சங்கச் சட்டை போட்ட ஒரு பெரியவர். திட்டத்துக்கு ஆதரவாகப் பேச வந்தவர், அது சட்டையைப் பார்த்தாலே தெரியும். காலையிலிருந்து நாங்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவராகவே கேட்டார், "ஏன் கிளம்புகிறீர்கள்?" சொன்னேன். தன் எண்ணைப் பார்த்தார், இன்னும் இரண்டு பேருக்குப் பிறகு அவர் முறை. எழுந்து மேசைக்குப் போய் அங்கிருந்த அம்மாவிடம் ஏதோ பேசிவிட்டு வந்து, "என் இடத்தில் நீங்கள் பேசுங்கள், உங்கள் இடத்தில் நான் பேசிக்கொள்கிறேன். குழந்தை காத்திருக்கக் கூடாது" என்றார்.

நான் என்ன பேசப் போகிறேன் என்று அவருக்குத் தெரியும். என் மடியில் கிடந்த அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது.

பேசினேன். தவளையைப் பற்றி, ஓடையைப் பற்றி, கோடையில் பொன்னிறமாகவும் மழைக்குப் பின் பச்சையாகவும் மாறுகிற அந்தப் புல்மேடுகளைப் பற்றி, நடுவே தனித்தனியாக நிற்கும் ஓக் மரங்களைப் பற்றி. திரும்பி வந்தபோது அவர் கைதட்டவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை, "பார்த்துப் போங்கள்" என்று மட்டும் சொன்னார். அவர் முறை வர இரவாகியிருக்கும். அதுவரை இருந்து பேசினாரா, வீட்டுக்குப் போய்விட்டாரா, தெரியாது.

3,050 வீடுகள் என்றால் அவரைப் போன்றவர்களுக்கு எத்தனை வருட வேலை! நமக்குக் கிடைத்த வெற்றியில் அவர் கையிலிருந்து போனது அது. கொண்டாட்டத்தில் எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. வீடு கட்டுகிறவர்களோ வீடு தேடுகிறவர்களோ நமக்கு எதிரிகள் இல்லை. இந்தப் பள்ளத்தாக்கில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிபோகிற குடும்பங்களை நமக்கெல்லாம் தெரியும். அந்த மேட்டில், அந்த ஓடையின் தலைமாட்டில், கோல்ஃப் மைதானத்தோடு கட்ட வேண்டாம் என்றுதான் சொன்னோம். எங்கே கட்டலாம் என்று நாம் சொல்லவேயில்லை.

அதனால் நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். என் வீட்டருகே, பேருந்து போகிற பெரிய சாலையில், பாழடைந்த கடைகளையும் வெறும் பார்க்கிங் மைதானங்களையும் எடுத்துவிட்டு நடுத்தரக் குடும்பங்களுக்கு அடுக்குமாடி கட்ட ஒரு திட்டம் வந்தால், அந்தக் கூட்டத்துக்கும் போவேன், எண் வாங்குவேன், "கட்டுங்கள்" என்று பேசுவேன். அக்கம்பக்கத்தில் சிலருக்கு என்மேல் கோபம் வரும், வரட்டும். இதைப் படிக்கிற உங்களில் சிலராவது என்னோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா, இது எப்படியாவது உங்கள் காதுக்கு எட்டினால்: விக்டரி புலவார்ட் மேற்கே போய் முடிகிற இடத்தில் வாசல் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் இருந்தால் அழைத்து வாருங்கள். மர நிழல் குறைவு, தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலத்தில் எங்களுக்கு இருக்கிற அதே உரிமை உங்களுக்கும் இருக்கிறது.

மற்றவர்களுக்கு: வாசலில் நட்ட "அமன்சனைக் காப்பாற்றுங்கள்" பலகைகளை இனி எடுத்துவிடலாம். மிச்சமிருக்கும் மரச்சட்டங்களை என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், பூங்காவில் பாதை சீரமைக்கக் கூப்பிடும்போது அடையாளக் குச்சிக்கு ஆகும்.